சைலன்சர் சூட்டில் விளக்கெரியுமா?

சென்ற இதழில், சேரன்மகாதேவி பக்கம் என் மச்சான் தோட்டத்து ஆயில் எஞ்சினைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதன் புகைக்குழாயில் எட்டுச் சின்னத் தகடுகளை மாட்டி, வீணாகப் போகும் சூட்டிலிருந்து மோட்டார் அறைக்கு விளக்கு எரிய வைத்த கதை அது. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாளையங்கோட்டையில் 31 வருஷம் டீசல் பட்டறையில் கழித்தவன் நான். சைலன்சரில் கை சுட்டுக்கொள்ளாத நாள் குறைவு. அந்தச் சூட்டை எதற்காவது பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன். உங்களுக்கும் இருக்கிறது என்று தெரிந்ததில் மனசு நிறைந்துவிட்டது. அதனால் இந்த மாதம் முழுக்க இதே விஷயம்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு விவசாயி: அண்ணாச்சி, எங்க தோட்டத்திலும் 5 எச்.பி. ஆயில் எஞ்சின்தான். இலவச கரண்டுக்கு மனுப் போட்டு வருஷக்கணக்கா காத்திருக்கோம். எஞ்சின் ஓடுறப்ப சைலன்சர் பக்கம் நிக்க முடியாது, அவ்வளவு அனல். அந்த அனலுக்கு வீட்டுக்கே கரண்ட் எடுக்கலாமே, நீங்க ஒரு விளக்கோட நின்னுட்டீங்களே?

நல்ல கேள்வி. எனக்கும் முதலில் இப்படித்தான் தோன்றியது. கணக்கைப் பார்ப்போம். 5 எச்.பி. எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் கிட்டத்தட்ட 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் பம்பைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு சிலிண்டரைக் குளிர்விக்கும் தண்ணீரோடு போகிறது. மிச்சம் புகையோடு போகிறது. ஆகப் புகைக்குழாய் வழியாக மட்டும் 3 கிலோவாட்டுக்கு மேல் சூடு வெளியேறுகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்ததற்குச் சமம்.

அப்படியானால் ஏன் ஒரு விளக்கு? ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளம் நிறையத் தண்ணீர் கிடக்கிறது. மடைக்கு வெளியே இருக்கிற வயலும் அதே மட்டத்தில் இருந்தால் மடையைத் திறந்தாலும் தண்ணீர் பாயுமா? பாயாது. வயல் தாழ இருக்க வேண்டும். சூடும் இப்படித்தான். நான் மாட்டிய தகட்டின் ஒரு முகம் சூடாகவும் மறுமுகம் குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் அதில் மின்சாரம் பிறக்கும். இரண்டு முகமும் சூடாகிவிட்டால், தொட்டால் பொசுங்குகிற சூடாக இருந்தாலும் ஒன்றும் வராது. மேட்டையும் பள்ளத்தையும் நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். எஞ்சின் மேட்டைத் தருகிறது. பள்ளம் நம் பொறுப்பு.

இதை நான் புரிந்துகொள்ள எட்டு மாதம் ஆயிற்று. முதல் தடவை, குளிர்விப்பதற்கென்று விற்கிற டெக்1-12706 பெல்டியர் தகடுகளை வாங்கினேன். 4 சென்டிமீட்டர் சதுரம், அதற்குள் 127 ஜோடி குட்டிக் கட்டிகள் வரிசையாக இருக்கும். புகைக்குழாயில் அலுமினியக் கட்டி, அதன்மேல் தகடு, தகட்டின்மேல் கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி விசிறி மடிப்பு வைத்த அலுமினியம். காற்றிலேயே ஆறிவிடும் என்று நம்பினேன். எஞ்சினை ஓட்டியதும் மீட்டர் முள் ஏறியது, மச்சான் கை தட்டினான். கால் மணி நேரத்தில் மேல் மடிப்பும் கொதித்துப் போய் முள் இறங்கிவிட்டது.

அப்புறம்தான் கிணற்றைத் திரும்பிப் பார்த்தேன். பம்புசெட் எதற்காக ஓடுகிறது? தண்ணீர் இறைக்க. வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கிற கிணற்றுத் தண்ணீர், ஒரு முழ தூரத்தில் குழாயில் போய்க்கொண்டிருக்கிறது. காரில் இந்த வசதி கிடையாது. லாரியில் கிடையாது. நம் தோட்டத்தில் இருக்கிறது. டெலிவரி குழாயிலிருந்து அரை இஞ்சு கிளை எடுத்து, தகட்டின் குளிர் முகத்தில் வைத்த அலுமினியப் பெட்டிக்குள் தண்ணீரை விட்டேன். விளக்கு நின்று எரிந்தது.

அதிலும் ஒரு நாள் அடி வாங்கினேன். கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கிற ஃபுட் வால்வில் குச்சி சிக்கி பம்பு காற்று வாங்கிவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. நான் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் எட்டுத் தகட்டில் ஐந்து செத்துவிட்டன. அந்தக் குளிர்விப்புத் தகடுகளுக்குள் இருக்கும் ஈயப்பற்று 138 டிகிரியிலேயே உருகிவிடும். மூன்றாவது தடவை, ஜெனரேட்டருக்கென்றே விற்கிற எஸ்பி1848 தகடுகளை வாங்கினேன். அவையும் 150 டிகிரி வரைதான் தாங்கும். தண்ணீரை நேரே பம்பிலிருந்து எடுக்காமல், உயரத்தில் 100 லிட்டர் டிரம் ஒன்று வைத்து அதை நிரப்பி அதிலிருந்து விட்டேன். பம்பு திடீரென்று நின்றாலும் டிரம் தண்ணீர் கொஞ்ச நேரம் காப்பாற்றும். நீங்கள் செய்தால் இந்த டிரம்மை விட்டுவிடாதீர்கள்.

இப்போது என் கணக்கு இதுதான். சூட்டு முகம் 115 டிகிரி, குளிர் முகம் 35 டிகிரி, வித்தியாசம் 80. எட்டுத் தகட்டிலும் சேர்ந்து கிடைப்பது 4 வாட். நான்கு நான்காக இரண்டு வரிசை கட்டி, மின்சாரம் திரும்பிப் பாயாமல் தடுக்கிற ஒரு டயோடு வழியாக 6 வோல்ட் பேட்டரியை ஏற்றுகிறேன். மோட்டார் அறையில் ஒரு எல்.இ.டி. விளக்கு, பாம்பு நடமாட்டம் இருக்கிற தொட்டிப் பக்கம் இன்னொன்று. வீட்டுக்குக் கரண்ட் வேண்டும் என்றால் இந்த வழி வேண்டாம். 1,400 ரூபாய்க்கு நான் வாங்கிய 20 வாட் சோலார் பலகை இதைவிட அதிகம் தருகிறது. ஆனால் தை மாசியில், பிசானப் பயிருக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்சுகிற ராத்திரியில், எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் தானாக எரிகிற விளக்கு என்றால் அதற்கு இது போதும்.

வீரவநல்லூரிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி: இதை யார் கண்டுபிடித்தார்? இதில் சுற்றுகிற சக்கரமே இல்லையே, எப்படி மின்சாரம் வரும்?

கண்ணு, 1821ஆம் வருஷம் தாமஸ் ஜோஹன் சீபெக் என்பவர் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் திரும்பியது. அவர் அதைக் காந்தம் என்றே நினைத்தார். வளையத்தில் மின்சாரம் ஓடுவதால்தான் முள் அசைகிறது என்று எடுத்துச் சொன்னவர் எர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி. 1834இல் பெல்டியர் என்பவர் இதைத் தலைகீழாகக் கண்டார். மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு இணைப்பு குளிர்ந்து, மற்றது சூடாகும். அதனால்தான் கடையில் இந்தத் தகட்டுக்கு இன்னமும் பெல்டியர் என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன அக்கா அண்ணன் பழைய இயற்பியல் புத்தகம் வைத்திருந்தால், ‘வெப்ப மின்னிரட்டை’ என்ற பாடத்தில் இதைப் பார்க்கலாம்.

சக்கரம் ஏன் வேண்டாம் என்றால், இங்கே எலக்ட்ரான்களே நகர்கின்றன. ஒரு கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால், அங்கே துள்ளுகிற எலக்ட்ரான்கள் குளிர்ந்த முனைப் பக்கம் அதிகம் தள்ளப்படும். இரண்டு வேறு பொருளில் இந்தத் தள்ளல் வேறு வேறு அளவாக இருப்பதால், அந்த வித்தியாசம் வோல்ட்டாக வெளியே தெரிகிறது. இன்றைய தகடுகளில் இருப்பது பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தி. ஒரு ஜோடியில் வருவது துளி வோல்ட்தான். அதனால்தான் 127 ஜோடியைத் தொடராகக் கோர்க்கிறார்கள்.

அசைகிற பாகம் இல்லாததால் இது எவ்வளவு காலம் உழைக்கும் தெரியுமா? 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் இதே வித்தைதான். புளுட்டோனியம்-238 தானாகச் சிதைந்து சூட்டைத் தருகிறது. குளிர் முகத்துக்கு விண்வெளியே இருக்கிறது. கிளம்பும்போது ஒவ்வொன்றிலும் சுமார் 470 வாட். புளுட்டோனியம் குறையக் குறைய அதுவும் இறங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் இத்தனை வருஷமும் யாரும் போய் எண்ணெய் விடவில்லை, நட்டு முறுக்கவில்லை. 31 வருஷம் எண்ணெய் விட்டும் நட்டு முறுக்கியும் வாழ்ந்தவனுக்கு இதை நினைத்தாலே பிரமிப்பாக இருக்கிறது.

திருநெல்வேலியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர்: சார், பைக் சைலன்சரில் ஆறு எஸ்பி1848 தகடுகளை ஒட்டி புராஜெக்ட் செய்கிறோம். விற்பனைப் பட்டியலில் 100 டிகிரி வித்தியாசத்துக்கு 4.8 வோல்ட், 669 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் தகட்டுக்கு 3.2 வாட். எங்களுக்கு ஆறிலும் சேர்ந்தே அரை வாட் வரவில்லை. போனை மாட்டியதும் வோல்ட் விழுந்துவிடுகிறது. தகடுகள் போலியா?

தகடுகள் போலியாக இருக்க வேண்டியதில்லை தம்பி, பெருக்கியதுதான் தப்பு. 4.8 வோல்ட் என்பது ஒன்றையும் மாட்டாமல் அளந்தது. 669 மில்லி ஆம்பியர் என்பது இரண்டு வயரையும் நேரே தொட வைத்து அளந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வராது. மாட்டுகிற சுமையின் தடையும் தகட்டின் உள்தடையும் சமமாக இருக்கும்போதுதான் அதிகபட்சத் திறன் கிடைக்கும். அப்போது வோல்ட்டும் பாதி, ஆம்பியரும் பாதி. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். ஆக 3.2 வாட்டில் கால்வாசி, 0.8 வாட். பட்டியல்படியே ஒரு தகட்டின் உச்சம் அதுதான். போனை நேரே மாட்டாதீர்கள். இடையில் வோல்ட்டை உயர்த்தியோ தாழ்த்தியோ நிறுத்துகிற சின்ன கன்வெர்ட்டர் பலகை வையுங்கள்.

அடுத்தது, நீங்கள் ‘ஒட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். சைலன்சர் உருண்டை, தகடு தட்டை. உருண்டைமேல் தட்டையை வைத்தால் ஒரு கோட்டில்தான் தொடும். மற்ற இடமெல்லாம் காற்று. காற்று சூட்டை மிகக் கொஞ்சமாகத்தான் கடத்தும். மில்லிங் மெஷின் இருக்கிற பட்டறைக்குப் போய், ஒரு பக்கம் குழாயின் வளைவுக்கும் மறுபக்கம் தட்டையாகவும் அலுமினியச் சேணம் ஒன்று கடைந்து வாங்குங்கள். சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசையை நெற்றியில் திருநீறு பூசுகிற அளவுக்கு மெலிசாகப் பூசுங்கள். கனமாக அப்பினால் அதுவே தடுப்பு. பசை பிடிப்புக்கு அல்ல, இடைவெளி அடைக்க. பிடிப்புக்கு நாலு மூலையிலும் போல்ட், ஸ்பிரிங் வாஷர். சூட்டில் அலுமினியம் விரியும், ஆறினால் சுருங்கும். ஸ்பிரிங் வாஷர் இல்லாமல் இறுக்கினால் நாலாவது நாள் தகட்டின் பீங்கான் முகம் கீறிவிடும். நான் இரண்டு தகடு இப்படி இழந்திருக்கிறேன்.

இடமும் முக்கியம். எஞ்சினை ஒட்டிய வளைவில் வைத்தால் 150 டிகிரியைத் தாண்டி உருகும். வால் முனையில் வைத்தால் சூடு போதாது. வெப்பமானியை வைத்து முழக்கணக்கில் அளந்து பார்த்து இடம் தேடுங்கள். குளிர் முகத்துக்கு ஓட்டும்போது வருகிற காற்றை நம்பியிருப்பீர்கள். வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கும்போது அந்தக் காற்று இருக்காதே. நின்ற நிலையில் ஒரு அளவு, ஓடும் நிலையில் ஒரு அளவு என்று இரண்டையும் குறித்து வையுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் 0.4 வாட் வந்தால் 0.4 என்றே எழுதுங்கள். ஏன் 0.4 மட்டும் வந்தது என்று நாலு பக்கம் எழுதினீர்களானால், அதுதான் அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகளுக்கு உதவும்.

வள்ளியூரிலிருந்து லாரி உரிமையாளர்: புகைக்குழாயில் ஒரு பெட்டி மாட்டினால் அந்தச் சூட்டிலிருந்து கரண்ட் எடுத்து 15 சதவீதம் டீசல் மிச்சமாகும் என்று ஒருவர் வந்து பேசினார். ஒரு லாரிக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், நாளைக்கு வேறொருவர் வந்தாலும் உங்களுக்கு உதவும்.

சுமையோடு நான்கு வழிச்சாலையில் போகிற உங்கள் லாரி எஞ்சின் 80, 90 கிலோவாட் தந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதம் மிச்சம் என்றால் அந்தப் பெட்டி 12, 13 கிலோவாட் தர வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறையின் உதவியோடு ஜெனரல் மோட்டார்ஸ், பி.எம்.டபிள்யூ., ஃபோர்டு போன்ற பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து கார்களில் இதைச் சோதித்தன. கிடைத்தது சில நூறு வாட். லாரி எஞ்சினுக்கென்று அங்கே செய்த சோதனைக் கருவியின் இலக்கே 1 கிலோவாட்தான். அதுவும் அலமாரி மாதிரி தகடுகளை அடுக்கி, ரேடியேட்டர் தண்ணீரைக் குளிருக்குக் கொடுத்து.

சரி, ஒரு நல்ல கருவி 300 வாட் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அளவுக்கு, எஞ்சினோடு சுற்றி வண்டிக்கு மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரின் வேலை குறையும். ஆல்டர்னேட்டர் 300 வாட் தர எஞ்சினிடமிருந்து 500, 600 வாட் வாங்கும். ஆகவே மிச்சம் முக்கால் சதவீதம்கூட இல்லை. உங்கள் வண்டி வருஷம் 1 லட்சம் கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 25,000 லிட்டர் டீசல். அதில் மிச்சம் 150 லிட்டர் சுமார். அவர் சொன்ன 15 சதவீதம் என்பது 3,750 லிட்டர்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. புகையிலிருந்து சூட்டைப் பிடுங்க வேண்டுமென்றால் குழாய்க்குள் மடிப்புகள் வைக்க வேண்டும். அது புகையின் வழியை அடைக்கும். எஞ்சின் புகையைத் தள்ளவே கூடுதல் டீசல் குடிக்கும். டீசல் கரி அந்த மடிப்பில் படிந்து மாதாமாதம் சுரண்ட வேண்டிவரும். உங்கள் வண்டி 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கிய, பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். யூரியா நீரைத் தெளித்துப் புகையைச் சுத்தம் செய்கிற பகுதிக்குச் சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்கு முன்னாலேயே சூட்டைத் திருடினால் அது வேலை செய்யாது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், வாரண்டியும் போகும்.

வீணாகும் புகையிலிருந்து சக்தி எடுக்கிற கருவி உங்கள் லாரியில் ஏற்கெனவே இருக்கிறது. டர்போசார்ஜர்தான் அது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஷி 1905இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். புகையின் வேகத்தில் சக்கரம் சுற்றி, அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. அதற்கு எண்ணெய் சரியாகப் போகிறதா, ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதா, டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கொடுக்கவிருந்த முன்பணத்தில் ஒரு துளியிலேயே அந்தப் பெட்டி தருவதைவிட அதிகம் மிச்சமாகும்.

திசையன்விளை பக்கத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணாச்சி, நாங்க பனங்காட்டுல பதனீர் காய்ச்சி கருப்பட்டி போடுறோம். அடுப்பு காலையில பத்த வச்சா மத்தியானம் வரைக்கும் எரியும். எஞ்சின்லாம் இல்ல. இந்த அடுப்புச் சூட்டுல போன் சார்ஜ் போட முடியுமா? புகையில கண்ணு எரியுது, ஒரு சின்ன ஃபேன் ஓடுனாக்கூடப் போதும்.

தங்கச்சி, இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். முடியும். எஞ்சினைவிட உங்கள் அடுப்புக்கு இது நன்றாகவே பொருந்தும்.

முன்மாதிரியும் இருக்கிறது. மின்சாரம் எட்டாத ஊர்களுக்கென்று 1950களில் சோவியத் நாட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக்கு மேலே இந்த மாதிரி ஜோடிகளை வட்டமாக அடுக்கி, சுற்றிலும் உலோக மடிப்பு வைத்து, வீட்டு ரேடியோவை ஓட்டினார்கள். விளக்கும் எரியும், ரேடியோவும் பாடும். இன்றைக்கு விறகடுப்பில் இதே தகட்டைப் பொருத்தி, குட்டி விசிறியை ஓட்டி, நெருப்புக்குக் காற்று ஊதுகிற அடுப்புகள் வந்திருக்கின்றன. காற்று நன்றாகக் கிடைத்தால் விறகு முழுசாக எரியும், புகை குறையும். அந்த விசிறிக்கு ஒரு வாட், இரண்டு வாட் போதும்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடுப்பின் மண் சுவரில், தீ நேரடியாக நக்காத பக்கமாக, ஒரு கனமான இரும்புத் தகட்டைப் பதியுங்கள். அதன் வெளி முகத்தில் இரண்டு எஸ்பி1848 தகடுகள். அதன்மேல் தட்டையான பக்கம் உள்ள அலுமினியத் தண்ணீர்ப் பெட்டி, 5 லிட்டர் கொள்ளட்டும். தெரு முனைப் பாத்திரப் பட்டறையில் ஒட்டித் தருவார்கள். இரண்டு தகடும் சேர்ந்து அந்தத் தண்ணீருக்குள் 50 வாட் சுமார் சூட்டைத் தள்ளும். 5 லிட்டர் தண்ணீர் அதனால் மணிக்கு 8, 9 டிகிரி ஏறும். இரண்டு மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் போதும். இறக்கிய வெந்நீர் பாத்திரம் கழுவ ஆகும். மறந்தும் பெட்டியைக் காலியாக விடாதீர்கள், தகடு உருகிவிடும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். ஒரு வாட் கிடைத்தால் நல்ல விஷயம். விசிறிக்கு அது சரி. போன் முழுசாக ஏற ஒரு நாள் முழுக்க ஆகும். போனுக்குச் சோலார் பலகை ஒன்றைக் குடிசைக் கூரையில் கட்டிவிட்டு, அடுப்புக்கரண்டை விசிறிக்கே விடுங்கள் என்பது என் யோசனை. கண்ணையும் நெஞ்சையும் காப்பாற்றுகிற விசிறிதான் உங்களுக்கு முதலில் வேண்டும். பக்கத்து ஐ.டி.ஐ. பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பனங்காட்டுக்குப் போய் வாருங்கள்.

ராதாபுரத்திலிருந்து ஓர் ஆசிரியர்: கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கடலுக்குள் விடும் வெப்பத்தை இப்படி மின்சாரமாக்க முடியாதா?

முடியாது சார். அங்கே ஒவ்வொரு அணு உலையும் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. மிச்சம் 2,000 மெகாவாட் கடல் நீரோடு போகிறது. அளவு மலைக்க வைக்கும், ஆனால் அந்த நீர் கடலைவிடச் சில டிகிரிதான் கூடுதல் சூடு. நான் சொன்ன குளத்துக் கணக்குதான், தண்ணீர் கடல் அளவு இருக்கிறது, மட்டம் மட்டும் விரற்கடை. வேலைக்கு ஆகிற சூட்டையெல்லாம் டர்பைன் எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சிய சூடு அது. வகுப்பில் பிள்ளைகளுக்கு ‘வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு’ என்று நடத்தும்போது இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள், நம் ஊர் என்பதால் மனதில் நிற்கும்.

உவரியிலிருந்து ஒரு மீனவர்: படகு அவுட்போர்டு மோட்டாரில் மாட்டி ஜி.பி.எஸ். கருவிக்குக் கரண்ட் எடுக்கலாமா?

அவுட்போர்டில் வேண்டாம். பெரும்பாலானவற்றில் புகை, புரொப்பல்லர் நடுவழியாகத் தண்ணீருக்குள்ளேயே போய்விடுகிறது. தகடு வைக்க இடமே இல்லை. உள்ளே எஞ்சின் வைத்த படகானால் கடல் நீர் அருமையான குளிர், ஆனால் உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். சின்னச் சோலார் பலகை ஒன்றும், கடலில் நனைந்தாலும் தாங்குகிற நல்ல வயரும் வாங்குங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து திருமண மண்டபம் நடத்துபவர்: எங்களிடம் 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்கிறது. முகூர்த்த நாளில் கரண்ட் போனால் நாலைந்து மணி நேரம் ஓடும். அந்தப் புகைச் சூட்டில் மின்சாரம் எடுக்க எவ்வளவு செலவாகும்?

மின்சாரம் எடுக்க வேண்டாம், சூட்டைச் சூடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சுமையில் ஓடினாலும் உங்கள் ஜெனரேட்டரின் புகையில் 20 கிலோவாட் சுமார் வெப்பம் போகும். அதில் பாதியை மடக்கினால் 10 கிலோவாட். இதைத் தகடு வழியாக மின்சாரமாக்கினால் மூன்று சதவீதம், 300 வாட். அதற்கு நூற்றுக்கணக்கில் தகடு வேண்டும், அந்தக் காசுக்கு இன்னொரு சின்ன ஜெனரேட்டரே வாங்கலாம். அதே 10 கிலோவாட்டைத் தண்ணீருக்குக் கொடுத்தால் 100 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆகும். பந்திப் பாத்திரம் கழுவ வெந்நீருக்காக நீங்கள் எரிக்கிற கேஸ் அன்றைக்கு மிச்சம்.

ஆனால் இதை நீங்களே சுருள் வளைத்து மாட்டாதீர்கள். ஜெனரேட்டர் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, புகை வழி எவ்வளவு தடையைத் தாங்கும் என்று கேட்டு, அதற்கேற்ற வெப்பமாற்றியை வைக்கச் சொல்லுங்கள். சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. இணைப்பில் கசிவு இருந்தால் சமையல்கட்டுக்குள் வந்துவிடும், வாசனை தெரியாது, ஆளை மயக்கிக் கொன்றுவிடும். புகைக்குழாய் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும், தண்ணீர்க்குழாய் மட்டும் உள்ளே வரட்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

முக்கூடலிலிருந்து ஒரு வாசகர்: இந்தத் தகடு நூற்றுக்கு மூன்று, நாலுதான் தரும் என்கிறீர்கள். பின்னால் நூற்றுக்கு முப்பது தரும் காலம் வருமா?

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தடை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். இந்தத் தகட்டுக்கு வேண்டிய பொருள், மின்சாரத்தை உலோகம் மாதிரி வழிவிட வேண்டும், சூட்டைக் கண்ணாடி மாதிரி நிறுத்த வேண்டும். இயற்கையில் இரண்டும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். மின்சாரம் நன்றாகப் பாய்கிற செம்பில் சூடும் நன்றாகப் பாயும், அதனால் இரண்டு முகமும் சீக்கிரம் ஒரே சூடாகிவிடும். பிஸ்மத் டெல்லுரைடு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரளவு நிற்பதால்தான் 1950களிலிருந்து இன்றுவரை அதையே பயன்படுத்துகிறார்கள். அதிலும் டெல்லூரியம் பூமியில் அரிது. பெரிய சூட்டைத் தாங்க ஸ்கட்டருடைட் என்று ஒரு வகைப் படிகம் இருக்கிறது. அதன் கூண்டுக்குள் வேறு அணுக்களை அடைத்து வைத்தால், அவை உள்ளே கிடந்து ஆடிச் சூட்டின் ஓட்டத்தைக் குலைக்கும், எலக்ட்ரான் மட்டும் தாண்டிப் போகும். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்.

முப்பது சதவீதம் இந்தச் சூட்டில் நடக்காது. நம் 150 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவே எந்த எஞ்சின் வைத்தாலும், தேய்மானமே இல்லாத எஞ்சினாக இருந்தாலும், நூற்றுக்கு 28க்கு மேல் எடுக்க இயற்கை விடாது. அது கார்னோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி போட்ட எல்லை. அந்த 28இல் நாம் இப்போது 3, 4 எடுக்கிறோம். அது 8 ஆகிவிட்டால்கூட என் மச்சான் தோட்டத்து விளக்கு இரட்டிப்பாகிவிடும். நான் அதற்குக் காத்திருக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர்: உங்கள் எஞ்சினை நேரில் பார்க்க வரலாமா?

தாராளமாக வாருங்கள். இந்த இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், நாள் சொல்கிறேன். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருகிற மாதங்களில் எஞ்சினுக்கு வேலை இல்லை, அதனால் தையில் வருவதுதான் நல்லது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் விளக்கு தெரியும். எஞ்சினைத் தட்டிவிட்டதும் எரியாது. குழாய் சூடேற பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கலாம்.